இல்லாத சர்க்கரைக்கு ஜெபித்தோம்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த அண்ணனுக்குச் சர்க்கரை போடாத டீதான் கொடுப்பார்கள். ஒன்பது வருஷம் அதைக் குடித்தார் மனுஷன். முகம் சுளிக்க மாட்டார். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக் காலி டம்ளரைக் கையில் தருவார். இத்தனைக்கும் அவருக்குச் சர்க்கரை வியாதி ஒரு நாள்கூட இருந்ததில்லை. இருந்தது குடி. அதைச் சர்க்கரை என்று எங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவருடைய மனைவி.

நான் சொல்ல வந்தது அந்த அக்காவைப் பற்றித்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். தெருவே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும், நான் மட்டும் அக்கா என்பேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அக்காவின் ஒரே மகள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குக் குள்ளமான உருவம், வேகமான நடை. அடுப்பில் இருக்கும் குக்கர், தெருக்கதவு, புருஷன் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிப்பார். அண்ணனைப் பார்த்து யார் எதைக் கேட்டாலும் பதில் அக்காவிடமிருந்துதான் வரும். "சௌக்கியமாண்ணா?" என்றால் "நல்லா இருக்காரு" என்பார். "இன்னாண்ணா, இளைச்சிட்டீங்க?" என்றால் "டேனரில வேலை ஜாஸ்தி அவருக்கு" என்பார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்திருக்கும்.

ஒரு தடவை நான் சும்மா இருக்காமல், "அக்கா, ஒரு நாள் அண்ணனையும் பேச விடுங்களேன்" என்றேன். அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அவருக்குத் தொண்டை சரியில்ல ஜாய்ஸ்."

ஒரு மனுஷனுக்கு எத்தனை வருஷம் தொண்டை சரியில்லாமல் இருக்கும்? நான் அதைக் கேட்கவில்லை.

தெருவில் போகும்போது அக்கா சாக்கடைப் பக்கமாக நடப்பார், அண்ணனை உள்பக்கம் விடுவார். கல்யாணங்களுக்கு முதல் ஆளாக வந்து, பந்தி போடுவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் ஏதாவது தமாஷ் சொல்ல ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் அக்கா உரக்கச் சிரித்துவிடுவார், கடைசி வார்த்தை குழறுவது யாருக்கும் கேட்காது. அக்காவின் கைப்பையில் ஒரு முறை தைலம் தேடினேன். ஏலக்காய், ஈரத்துண்டு, இஸ்திரி போட்டு மடித்த ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. பொம்பளைங்க பையில் சீப்பு இருக்கும், பவுடர் இருக்கும். அக்காவின் பையில் தனக்கென்று ஒரு பொருள்கூட இல்லை.

கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அக்காவுக்கு அண்ணனின் நிலை தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் கேட் முனகும், அக்காவின் கண் ஒரு நொடி நிற்கும். "கம்மியாத்தான்" என்று தனக்குள் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். சில நாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஓடுவார். அக்கா முகத்தைப் பார்த்தே அன்றைக்கு அண்ணன் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று எனக்கும் சொல்லத் தெரிந்துவிட்டது.

சர்க்கரை எப்படி வந்தது என்றால், எங்கள் சபைப் பெண்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. பாட்டு, வசனம், கடைசியில் ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை, வீட்டுக்காரருக்கு முட்டிவலி. இவர்கள் தெருவுக்குக் குடிவந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அண்ணன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டதைப் பார்த்து யாரோ "அவருக்கு உடம்புக்கு இன்னா?" என்று கேட்டிருக்கிறார்கள். "சுகர்" என்று சொல்லிவிட்டார் அக்கா. அன்றிலிருந்து அது எங்கள் விண்ணப்ப நோட்டில் ஏறியது.

பின்னாளில் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. "சும்மா சொல்லல ஜாய்ஸ். யோசிச்சுத்தான் சொன்னேன். தலை சுத்தும், நாக்கு குழறும், வேர்த்துக் கொட்டும், நடை தள்ளாடும், கண்ட நேரத்துல தூக்கம் வரும். இத்தினிக்கும் பொருந்தற வியாதி வேற இன்னா இருக்கு, நீயே சொல்லு?" நர்ஸ் ஆயிற்றே, தப்பான வியாதியைத் தேர்ந்தெடுப்பாரா?

ஆனால் சபை சும்மா ஜெபித்துவிட்டுப் போகிற சபை இல்லை. பாகற்காய்ச் சாறு வந்தது, ஊறவைத்த வெந்தயம் வந்தது, ஆவாரம்பூப் பொடி வந்தது. வாணியம்பாடியிலிருந்து ஒருவர் ஏதோ விதையை அரைத்துக் கொடுத்தனுப்பினார். எல்லாவற்றையும் அண்ணன் மறுக்காமல் குடித்தார். பாவம், அவர் இனிப்புக்கு உயிரை விடுகிறவர். அக்கா டியூட்டிக்குப் போன பிறகு எங்கள் சமையலறைப் பக்கம் வந்து, "அம்மா, மைசூர்பாகு ஏதாவது..." என்று இழுப்பார். அம்மா ஒரு துண்டை இலையில் சுற்றிக் கொடுப்பார். சரக்கு வீட்டிலேயே கிடைத்தது, இனிப்பைத்தான் அவர் திருட்டுத்தனமாகச் சாப்பிட வேண்டியிருந்தது.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றிச் சொல்வதும் சரியாக இருக்காது. டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஒரு தோலின்மேல் இழுத்தால், இது எத்தனையாம் தரம், எந்த இடத்தில் மாடு முள்வேலியில் கிழித்துக்கொண்டது என்று சொல்வாராம். பெண் பார்க்க வந்தபோது அக்கா போட்டிருந்த செருப்பைப் பார்த்து, "இது ஆறு மாசத்துல வாய் பொளக்கும், நான் வேற வாங்கித் தர்றேன்" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா புதுப்பெண் மாதிரி வெட்கப்படுவார். "ஆறு மாசம்கூடத் தாங்கல, நாலாவது மாசமே பொளந்துச்சு" என்பார்.

அப்படிப்பட்ட கட்டைவிரல் பின்னால் நடுங்க ஆரம்பித்தது. காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலை வந்தது. அப்போதுதான் அக்கா அந்தக் காரியத்தைச் செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும்.

எனக்கு அது தெரியவந்தது ஒரு தலைவலி நாளில். மாத்திரை கேட்கப் போனேன். "அலமாரில இருக்கு, எடுத்துக்கோ" என்றார் சமையலறையிலிருந்து. நான் திறந்தது வேறு கதவு போலிருக்கிறது. கதவின் உள்பக்கம் ஆஸ்பத்திரி சார்ட் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி, காலை, மதியம், சாயங்காலம், அளவு. ஒவ்வொரு கட்டத்திலும் அக்காவின் அழகான கையெழுத்து. கீழே மருந்து அளக்கிற சின்ன பிளாஸ்டிக் குவளை, பக்கத்தில் பாதி காலியான ஒரு பாட்டில். அது எந்த மருந்துக்கடையிலும் விற்கிற பாட்டில் இல்லை.

அக்கா என் பின்னால் வந்து நின்றார்.

"இன்சுலின் டைம்" என்றார்.

இன்சுலினை யாரும் குவளையில் ஊற்றிக் குடிக்க மாட்டார்கள் என்பது ஷூ கம்பெனி கிளார்க்குக்கும் தெரியும். நான் "சரிக்கா" என்றேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவராகவே சொன்னார். "கடைக்கு அவரே போனா வழில விழுந்துடறாரு. ரெண்டு வாட்டி லாரிக்கு நடுவுல போய்ட்டாரு. அதான் நானே ஆளை வச்சு வாங்கி, அளந்து குடுக்கறேன். என் கைல இருந்தா கம்மியாவது ஆகும் இல்ல?" கம்மியாகவில்லை. அந்தத் தாளில் அளவு ஏறிக்கொண்டே போனதை அவரேதான் எழுதி வந்தார். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி தன் கையாலேயே கொடுத்துக்கொண்டு, புதன்கிழமை வந்து எங்களோடு முழங்காலில் நிற்பார். எனக்குக் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. ஆனால் அவர் மேல் இருந்த பிரியம் மட்டும் குறையவே இல்லை. என் அம்மா மூன்று வாரம் படுக்கையில் கிடந்தபோது, டியூட்டி முடிந்து வந்து அவருக்கு உடம்பு துடைத்துவிட்டவர் இந்த அக்கா. "நான் பாத்துக்கறேன்" என்பார். எதற்கெடுத்தாலும் அதுதான். யாருக்கு எது என்றாலும் "நான் பாத்துக்கறேன்".

ஒரு நாள் மணிக்கட்டில் கட்டோடு வந்தார். அண்ணனைத் தூக்கும்போது அவர் பாரம் மொத்தமும் கைமேல் விழுந்துவிட்டது. நான் பொறுக்க முடியாமல், "கொஞ்ச நாள் பெங்களூர்ல பொண்ணு கிட்ட போய் இருங்கக்கா" என்றேன். என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் போய்ட்டா அவர யாரு பாத்துக்குவாங்க?"

"அப்ப உங்கள?"

"எனக்கு இன்னா? நான் கல்லு."

எங்கள் ஜெபக் கூட்டத்தில் சாந்தா ஆன்ட்டி என்று ஒருவர். ரிட்டையர் ஆன டீச்சர், எழுபது வயது இருக்கும், காற்றடித்தால் விழுந்துவிடுகிற உடம்பு. அவர் அண்ணனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சர்ச் படியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அக்காதான் ஓடிப்போய்த் தாங்கினார். "இனிமே உபவாசம் வேணாம் ஆன்ட்டி, உங்க உடம்பு தாங்காது" என்று கெஞ்சினார்.

"உன் வீட்டுக்காரருக்கு சரியாகற வரைக்கும்னு கர்த்தர் கிட்ட பொருத்தனை பண்ணிட்டேன்மா. நடுவுல விட முடியாது."

அடுத்த புதன்கிழமை விண்ணப்ப நேரத்தில் அக்கா எழுந்தார். "அவருக்கு சுகர் நார்மல் ஆய்டுச்சு. எல்லாரும் ஜெபிச்சதுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கிழவியைச் சாப்பிட வைப்பதற்காகச் சொன்ன பொய். அவர் சொன்ன பொய்களிலேயே நல்ல பொய் அதுதான். அதில்தான் மாட்டிக்கொண்டார்.

ஏனென்றால் எங்கள் வழக்கம் அப்படி. ஜெபத்துக்குப் பலன் கிடைத்தால் வாங்கிக்கொண்டு சும்மா போய்விட முடியாது. அந்த வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டும், சுகம் பெற்றவர் எழுந்து நின்று தன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். சாந்தா ஆன்ட்டி அழுதுவிட்டார். கூட்டத்தை நடத்துகிற போதகரம்மா அந்த இடத்திலேயே வருகிற சனிக்கிழமை நாலு மணி என்று குறித்துவிட்டார். இத்தனை வருஷமும் ஏதாவது காரணம் சொல்லித் தன் வீட்டு முறையைத் தட்டிக்கழித்து வந்த அக்காவுக்கு இந்த முறை தப்பிக்க வழியில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு அண்ணன் குடியை விடவில்லை என்று நன்றாகவே தெரியும். நான் என்ன செய்தேன்? கூட்டத்துக்குக் கேசரி செய்து தருகிறேன் என்றேன்.

அக்கா மறுநாள் வியாழக்கிழமையே லீவு போட்டார். அலமாரியைக் காலி செய்தார். கேட்டைப் பூட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மட்டும் அண்ணன் நிதானமாக இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. தினம் குடிக்கிற உடம்பில் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். எத்தனை பேரை வார்டில் பார்த்திருப்பார். ஆனாலும், "ரெண்டு நாள்தான, கூடவே இருக்கேன், நான் பாத்துக்கறேன்" என்றார் என்னிடம், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேர்த்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தார். பாட்டு முடிந்தது. போதகரம்மா, "அண்ணன் இப்ப சாட்சி சொல்லுவாரு" என்றார்.

"அவருக்குத் தொண்டை..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"இல்லம்மா, அவர் வாயால கேக்கணும்" என்றார் சாந்தா ஆன்ட்டி.

அண்ணன் எழுந்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நான்..." என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண் மேலே செருகிக்கொண்டது. நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தார்.

"சுகர் இறங்கிடுச்சு! சர்க்கரை கொண்டாங்க!" என்று ஒரு குரல். இரண்டு பேர் சமையலறைக்கு ஓடினார்கள். ஒருவர் என் கேசரியையே கையில் அள்ளிக்கொண்டு அவர் வாயருகே போனார்.

"வாயில ஒண்ணும் போடாதீங்க!" என்று அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கேசரிக் கையைத் தட்டிவிட்டு, அண்ணனை ஒருக்களித்துப் புரட்டி, தலையை மடியில் தாங்கிக்கொண்டார்.

அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். இரண்டு ஆட்டோ நிறைய ஆட்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "சிஸ்டர், சாருக்கு சுகர் எத்தினி வருஷமா? இன்னா மாத்திரை?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஒன்பது வருஷமா டாக்டர்" என்றேன். அண்ணனுக்குப் பதிலாக அக்கா பேசிப் பேசி, அக்காவுக்குப் பதிலாக நான் பேசுகிற அளவுக்கு வந்திருந்தோம்.

விரலில் குத்திப் பார்த்தார் டாக்டர். "சுகர் நார்மலா இருக்கே. அப்ப தலையில ஏதாவது இருக்கலாம். வேலூருக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்துடலாம். வண்டிய வரச் சொல்லுங்க."

வேலூருக்கு ஒரு மணி நேரம். குடியை நிறுத்தியதால் வந்த வலிப்பு அது, வழியில் மறுபடி வரலாம் என்பது அந்த அறையில் அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் இங்கேயே சரியான மருந்தைக் கொடுப்பார்கள் என்பதும் தெரியும். வாசல் திரைக்கு அருகில் போதகரம்மா, சாந்தா ஆன்ட்டி, சபைப் பெண்கள். இந்தப் பக்கம் அவரோடு வேலை பார்க்கிற நர்ஸுகள். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு சுகர் இல்ல டாக்டர். எப்பவும் இருந்தது இல்ல. குடி. தினமும் மூணு வேளை. வியாழக்கிழமை காலைல இருந்து நான்தான் நிறுத்தி வச்சேன்." அளவையும் சொன்னார். வார்டில் ரிப்போர்ட் கொடுக்கிற அதே குரல், ஒரு நடுக்கமும் இல்லை.

டாக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு ஊசிக்கு ஓடினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். சாந்தா ஆன்ட்டியின் முன்னால் நின்றார்.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. உங்கள பட்டினி போட்டேன்."

"தெரியும்மா" என்றார் ஆன்ட்டி.

"இன்னா தெரியும்?"

"குடின்னு தெரியும். வெள்ளிக்கிழமை உபவாசமே அதுக்குத்தான் இருந்தேன். சுகர் நார்மல்னு நீ சொன்னப்ப, குடிய விட்டுட்டாருன்னு நினைச்சுட்டேன்."

அக்கா போதகரம்மாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தியும் நிமிரவில்லை. கடைசியாக என்னைப் பார்த்தார். நான் மட்டும் எங்கே நிமிர்வது?

"எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சுதான் பாகற்காய்ச் சாறு குடுத்தீங்களா?" அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. "ஒருத்தி... ஒரே ஒருத்தி என் கையப் புடிச்சு, இன்னாடி உன் வீட்ல நடக்குதுன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அண்ணனை மூடி மூடி வைத்த மாதிரி நாங்கள் அவரை மூடி வைத்திருந்தோம், அதற்கு அன்பு என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அங்கிருந்து வேலூர்ப் பக்கம் குடியை நிறுத்த வைக்கும் ஒரு மையத்தில் சேர்த்தார்கள். சனிக்கிழமைகளில் வீட்டு ஆட்களும் போக வேண்டும். முதல் சனிக்கிழமை போய்வந்த அக்கா கொதித்துக்கொண்டிருந்தார். "அங்க கவுன்சிலர்னு நேத்துப் பொறந்த பொண்ணு ஜாய்ஸ், எனக்கே வியாதின்ற மாதிரி பேசுது. 'எப்படி இருக்கீங்க?'ன்னுச்சு. 'நல்லா இருக்காரு'ன்னேன். 'அவர கேக்கலம்மா, உங்கள கேக்கறேன்'னு சொல்லுது." அடுத்த வாரம் வேறு ஒன்று சொன்னார். "அவர் விழறதுக்கு முன்னாடியே நான் மெத்தை போட்டுடறேனாம். அதனால விழுந்ததே அவருக்குத் தெரியலயாம்." அதற்கும் அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதார்.

அண்ணன் திரும்பி வந்து நாலு மாதம் குடிக்கவில்லை. அக்கா சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? அதுதான் இல்லை. கேட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் சட்டையை முகர்ந்து பார்ப்பார். பருப்பில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால் சண்டை. "குடிச்சப்ப இவ்ளோ பேஜார் இல்ல" என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பயந்துபோயிருந்தார்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி வெளியே வந்தேன். அவர்கள் கேட்டுக்கு உள்ளே, பூச்செடி ஓரமாக, அண்ணன் தரையில் கிடந்தார். விடிந்ததும் வெளியே போய் எங்கேயோ வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். அக்கா வெள்ளை யூனிஃபார்மில் குனிந்து அவர் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்தார். நான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"வாங்கக்கா, ஆளுக்கு ஒரு கை புடிச்சு உள்ள போட்டுடலாம்."

"வேணாம். தொடாத."

"வெயில் வந்துடும்க்கா."

"இந்தப் பக்கம் பதினோரு மணி வரைக்கும் நிழல்தான். மூச்சு நல்லா இருக்கு, நாடி நல்லா இருக்கு. மூச்சு மாறினா மட்டும் எனக்கு போன் பண்ணு. எழுந்து கேட்டாருன்னா, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துக்கு நீங்களே போங்கன்னு சொன்னேன்னு சொல்லு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உதடு கோணிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

நான் அன்றைக்கு லீவு. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கை பரபரத்தது. எத்தனை முறை அக்காவோடு சேர்ந்து தூக்கிய உடம்பு அது! பத்து மணி சுமாருக்கு அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"அவ எங்க?"

"டூட்டிக்குப் போய்ட்டாங்க."

நம்பவில்லை. வீட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். அக்கா சொன்னதைச் சொன்னேன். பிறகு தானாகச் சுவரைப் பிடித்து எழுந்து, குழாயில் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனார். பஸ் ஸ்டாண்டும் அந்தப் பக்கம்தான், சாராயக்கடையும் அந்தப் பக்கம்தான். நான் பின்னால் போகவில்லை. போகாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

நாலரை மணிக்கு அக்கா வந்தார். தன் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"எழுந்து போய்ட்டாருக்கா. எங்கன்னு தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியல." தன் காலைத் தானே அமுக்கிவிட்டுக்கொண்டார். "பசிக்குது ஜாய்ஸ். இன்னா இருக்கு?"

மதியம் வைத்த சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு அழுதுகொண்டே பிசைந்து சாப்பிட்டார். பாதியில் அவர் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். தெரியாத நம்பர் போலிருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார்.

"யாருக்கா?"

"அவருதான். சென்டர் போன்ல இருந்து. தானே பஸ் ஏறிப் போய் அட்மிட் ஆய்ட்டாராம்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து ஓடுவார், சட்டை எடுத்துவைப்பார், கடைசி பஸ்ஸைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.